கெட்ட குழியைத் தவிருங்கள்: ஆன்லைன் மினிகோல்ஃப்

மினிகோல்ஃபின் விதி ஒரே வரிதான். பந்தைத் தட்டிக் குழியில் விழ வைக்க வேண்டும். எல்லாக் குழிகளையும் சேர்த்துக் குறைந்த அடியில் முடித்தவருக்கு வெற்றி. செஞ்சியில் இருக்கும் தம்பியும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனும் துபாயில் இருக்கும் மாமா மகனும் ராத்திரி ஒரு மணி நேரம் கூடி ஆட இதைவிட எளிய ஆட்டம் கிடைக்காது. விதி இவ்வளவு எளிது என்பதாலேயே பலரும் யோசிக்காமல் விரலை இழுத்து விட்டுவிடுகிறார்கள். முதல் நான்கு குழிகள் நன்றாகப் போகும். ஐந்தாவதில் பந்து தண்ணீரில் விழும், மறுபடி விழும், ஒன்பது அடியில் முடியும். ஆட்டம் அங்கேயே போய்விட்டது என்பது பதினெட்டாவது குழி வரை தெரியாது.

இந்த அத்தியாயம் ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது: இந்த ஆட்டத்தை முடிவு செய்வது உங்கள் சிறந்த அடி கிடையாது, உங்கள் மோசமான குழி. கணக்கு போட்டுப் பாருங்கள். குழிக்குச் சராசரியாக 3 அடி எடுப்பவர் ஒருவர். அவருக்கு ஒரே அடியில் பந்து விழுந்தால் லாபம் 2. ஒரு குழியில் 9 அடி ஆகிவிட்டால் நஷ்டம் 6. அந்த ஒரு குழியை ஈடுகட்ட மூன்று முறை ஒரே அடியில் போட வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால், ரூம் போடுவதிலிருந்து பந்தின் வேகத்தை அளப்பது வரை எல்லாவற்றையும் எப்படிச் செய்ய வேண்டும் என்பது தானாகப் பிடிபடும்.

எதில் ஆடுவது

கையில் இருப்பது போன் மட்டும் என்றால் மினிகிளிப் நிறுவனத்தின் கோல்ஃப் பேட்டில் போதும். பந்தின் மேல் விரலை வைத்துப் பின்னால் இழுத்தால் திசைக் கோடு தெரியும், விட்டால் பந்து போகும். ஆறு பேர் வரை சேர்ந்து ஆடலாம். வீட்டில் கம்ப்யூட்டரோ பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் போன்ற கருவியோ இருந்தால் கோல்ஃப் வித் யுவர் ஃபிரண்ட்ஸ் நல்லது. பிளாக்லைட் இன்டராக்டிவ் உருவாக்கி, டீம்17 வெளியிட்டு, 2020-இல் முழு வடிவில் வந்த ஆட்டம் அது. பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். யாரும் யாருடைய முறைக்கும் காத்திருக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதுதான் தயக்கம், ஆனால் அந்தச் செலவு ஒருமுறையோடு முடிகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் ஆடும் கோல்ஃப் இட் என்பதில் மவுஸையே மட்டையாக வீச வேண்டும். கை பழக நாளாகும். தலையில் கருவியை மாட்டிக்கொண்டு ஆடும் வாக்கபவுட் மினி கோல்ஃப் அருமையான ஆட்டம்தான், ஆனால் அதற்காகவே ஒரு ஹெட்செட் வாங்கச் சொல்வது இந்த நூலின் வேலையில்லை.

எதைத் தேர்ந்தாலும் வாங்குவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் கருவியும் எதிரில் ஆடப் போகிறவர் கருவியும் ஒரே ரூமில் சேர முடியுமா? ஒரே பெயரில் வந்த ஆட்டமாக இருந்தும் கம்ப்யூட்டரில் வாங்கியவரும் பிளேஸ்டேஷனில் வாங்கியவரும் சந்திக்க முடியாமல் போவது அடிக்கடி நடக்கிறது. நிறுவும்போது பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோருக்குள் போய்த் தேடி, தயாரித்தவர் பெயரைப் பார்த்த பிறகே இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கோப்பைத் தட்டி நிறுவாதீர்கள்.

ரூம் போடும் வரிசை

1. ஆட்டத்துக்கு முதல் நாளே எல்லோரும் ஆப்பைப் புதுப்பித்துவிடச் சொல்லுங்கள். ஒருவர் பழைய பதிப்பில் இருந்தால் ரூமுக்குள் வர முடியாமல் மற்றவர்களும் காத்திருக்க நேரும்.
2. நேரத்தை இந்திய நேரத்தில் மட்டும் சொல்லாதீர்கள். செஞ்சியில் இரவு 8 மணி என்றால் சிங்கப்பூரில் 10.30, துபாயில் மாலை 6.30. சிங்கப்பூர்க்காரர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். 7 மணிக்கே தொடங்குவது அவருக்கு உதவி.
3. யாருடைய இணைப்பு அறுபடாமல் நிற்கிறதோ அவர் ரூம் போடட்டும். சில ஆட்டங்களில் ரூம் போட்டவர் வெளியேறினால் ரூமே கலைந்துவிடும்.
4. தனி ரூமாகப் போட்டு, ரூம் கோட் அல்லது பாஸ்வேர்டை ஆடுகிறவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.
5. அமைப்புகளில் பந்துகள் மோதிக்கொள்வதை அணைத்துவிடுங்கள். பந்தைத் துள்ள வைப்பது, சுழற்றுவது, எதிராளியின் பந்தைக் குழப்பும் சக்திகள் எல்லாவற்றையும் முதல் சில ஆட்டங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.
6. ஒரு குழிக்கு அதிகபட்ச அடியைத் தீர்மானியுங்கள். நிஜ மினிகோல்ஃப் போட்டிகளில் ஆறாவது அடியிலும் பந்து விழாவிட்டால் 7 என்று எழுதிவிட்டு அடுத்த குழிக்குப் போய்விடுவார்கள். குடும்ப ஆட்டத்துக்கும் 7 அல்லது 8 பொருத்தமான எல்லை.
7. முதல் குழியைக் கணக்கில் சேர்க்காமல் ஒத்திகையாக ஆடுங்கள்.

ஆறாவது படிக்கு ஒரு காரணம் உண்டு. எல்லை வைக்காத ரூமில் புதிதாக ஆட வந்தவர் ஒரே குழியில் பதினைந்து அடி எடுத்துவிட்டு, அதற்குமேல் ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்ததும் போனை வைத்துவிடுவார். எல்லையைக் குறைத்தால் கெட்ட குழியின் விலை குறைகிறது, எல்லோரும் கடைசிவரை ஆட்டத்தில் இருக்கிறார்கள். பழகிய பிறகு எல்லையை மெல்ல உயர்த்தலாம்.

நெட் மேல் பழி போடுமுன்

இந்தக் கருத்துக்கு முதல் மறுப்பு இப்படித்தான் வரும்: “நம் ஊர் நெட்டில் எப்படி ஆடினாலும் தோல்விதான்.” துப்பாக்கி ஆட்டங்களுக்கு இந்தப் புகார் நியாயம், அங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் சுட வேண்டும். மினிகோல்ஃபில் நீங்கள் குறி பார்க்கும்போது பந்து அசையாமல் நிற்கிறது. தாமதம் எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். 2002 முதலே இரு நகரங்களையும் கடலடிக் கேபிள் நேராக இணைக்கிறது. போய்த் திரும்ப ஒளிக்கு மட்டும் ஒரு நொடியில் சுமார் முப்பத்து நான்கில் ஒரு பங்கு. நடுவில் உள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சேர்த்து இரண்டு மூன்று மடங்கு ஆனாலும் நொடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. உங்கள் பந்து எத்தனை அடியில் விழும் என்பதை அது மாற்றப்போவதில்லை. திரையில் அண்ணனுடைய பந்து கொஞ்சம் தத்தித் தத்தி ஓடுவதுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

சுழலும் காற்றாடிக்கு நடுவே பந்தை அனுப்பும் குழிகளில் மட்டும் இந்த மறுப்புக்கு ஓரளவு இடமுண்டு. அங்கே காற்றாடி இரண்டு சுற்று சுற்றும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருங்கள், மூன்றாவதில் அடியுங்கள். பந்து இறக்கையில் பட்டுத் திரும்பினால் அடுத்த முறை ஒரு கணம் முந்தி விடுங்கள் அல்லது பிந்தி விடுங்கள். திசையையும் வேகத்தையும் மாற்றாதீர்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது தவறு என்பது கடைசிவரை தெரியாது.

உண்மையில் ஆட்டத்தைக் கெடுப்பது மெதுவான நெட் இல்லை, அறுந்து போகும் நெட். செஞ்சியைப் போலக் கருங்கல் மலைகள் சூழ்ந்த ஊரில் டவருக்கும் போனுக்கும் நடுவே மலையோ பாறையோ நின்றால் சிக்னல் தளர்ந்துவிடும். வீட்டுக்குள் எந்த அறையில், எந்த ஜன்னல் பக்கம் சிக்னல் நிலையாக நிற்கிறது என்று ஆட்டத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள். பெரும்பாலும் மாடி அறை கைகொடுக்கும். ஃபைபர் இணைப்பு இருந்தால் கரண்ட் கட்தான் எதிரி. போனில் சார்ஜ் இருந்து என்ன பயன், சுவரில் மாட்டிய மோடம் அணைந்தால் ஆட்டமும் அணைந்துவிடும். மோடத்தையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டரில் சேருங்கள், அல்லது அவற்றுக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றை மாட்டுங்கள். போனில் பேட்டரி சேமிப்பு முறையை அணைத்து, பின்னணியில் ஓடும் டவுன்லோடுகளை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

ஒரு குழியை ஆடும் வரிசை

1. அடிக்கும் முன் கேமராவைச் சுழற்றிக் குழியிலிருந்து பந்துவரை பின்னோக்கிப் பாருங்கள்.
2. பந்து எங்கே போனால் அதிகம் இழப்பு என்று கண்டுபிடியுங்கள்: தண்ணீர், ஓரமில்லாத விளிம்பு, பந்தைத் தொடங்கிய இடத்துக்கே உருட்டிவிடும் சரிவு.
3. இரண்டாவது அடியை எங்கிருந்து அடிக்க ஆசைப்படுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். முதல் அடியின் குறி அந்த இடம்தான்.
4. திசையை முதலில் நிறுத்துங்கள், பிறகு வேகத்தை.
5. சந்தேகம் வந்தால் விரலைத் தொடக்க இடத்துக்கே கொண்டுவந்து அடியை ரத்து செய்யுங்கள். ரத்து செய்த அடிக்குக் கணக்கு இல்லை.
6. பந்து நின்ற பிறகு ஒரு நொடி பாருங்கள்: நினைத்ததைவிடக் கூடப் போனதா, குறைந்து நின்றதா?

நேர அளவு வைத்த ரூமில் இத்தனையும் செய்ய முடியுமா என்று கேட்கலாம். முதல் மூன்று படிகளுக்குப் பழகிய பிறகு ஐந்து நொடி போதும். தண்ணீரில் விழுந்த பந்து திரும்பி வந்து, மறுபடி குறி பார்த்து அடிக்க அதைவிட அதிக நேரம் ஆகும்.

புதியவர்கள் திசையில்தான் கவனம் வைக்கிறார்கள், ஏனென்றால் திசைக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அடிகள் வீணாவது வேகத்தில். உருளும் பந்தைத் தரையின் உராய்வு ஒரே சீராகத் தடுத்தால், அது ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் தூரம் 21 சதவீதம் கூடும். இரட்டிப்பாக்கினால் தூரம் நான்கு மடங்காகும். எல்லா ஆட்டங்களும் வேகப் பட்டையை ஒரே மாதிரி அமைப்பதில்லை, அதனால் ஒத்திகைக் குழியில் சோதித்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் பட்டையின் கால் பங்குக்கு ஒரு அடி, பாதிக்கு ஒரு அடி. இரண்டாவது பந்து முதல் பந்தைப்போல் நான்கு மடங்கு தூரம் போனால் பட்டை வேகத்தைக் காட்டுகிறது. இரண்டு மடங்குதான் போனால் தூரத்தைக் காட்டுகிறது. இந்த ஒரு சோதனையைப் பலரும் செய்வதில்லை. செய்தவருக்கு மற்றவர்கள் ஒரு மணி நேரம் தடவித் தெரிந்துகொள்வது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

குழிக்கு அருகில் வந்ததும் இன்னொரு தவறு காத்திருக்கிறது. வேகமாக வரும் பந்து குழியின் மேலேயே தாண்டிப் போய்விடும். குழி இல்லாவிட்டால் அதற்கு ஒரு சாண் அப்பால் போய் நிற்கும் என்ற அளவு வேகம் சரியானது. அப்போது திசை கொஞ்சம் தப்பினாலும் பந்து குழியின் ஓரத்தில் தயங்கி உள்ளே விழ வாய்ப்பிருக்கிறது. விழாவிட்டாலும் அடுத்த அடிக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

சரிவுகளுக்கு வருவோம். ஏறும் சரிவில் பந்து போதாமல் நின்றால், அது அங்கே நிற்பதில்லை, உங்களிடமே திரும்பி வந்துவிடுகிறது. ஒரு அடி போச்சு, இடமும் மாறவில்லை. ஆகவே ஏற்றத்தில் தாராளமாக அடியுங்கள், குழிக்குப் பின்னால் சுவர் இருந்தால் இன்னும் தாராளமாக. மேலே சுவரில்லாமல் விளிம்பு மட்டும் இருந்தால் ஏற்றத்தை ஒரே அடியில் ஏறிக் குழியில் போடும் ஆசையை விட்டுவிட்டு மேட்டின் சமதளத்தில் நிறுத்தப் பாருங்கள். இறக்கத்தில் கதை நேர்மாறு. பந்தை லேசாகத் தொட்டுவிட்டால் போதும், சரிவு மீதியைப் பார்த்துக்கொள்ளும். பக்கவாட்டுச் சரிவுதான் கடினம். பந்து வேகமாக ஓடும்போது அவ்வளவாக வளைவதில்லை, தளர்ந்து போகும் கடைசிப் பகுதியில்தான் அதிகம் வளைகிறது. அதனால் சரிவின் மேல்பக்கம் குறி வையுங்கள், எவ்வளவு மெதுவாக அடிக்கிறீர்களோ அவ்வளவு மேலே.

சுவரில் பட்டுத் திரும்பும் அடி கேரம் ஆடியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; பலகையின் கட்டையில் ஸ்டிரைக்கர் பட்டுத் திரும்பும் அதே கணக்குதான். பட்ட கோணத்திலேயே பந்து திரும்பும். சுவருக்கு அந்தப் பக்கம், அதே தூரத்தில், குழியின் பிம்பம் இருப்பதாக வைத்துக்கொண்டு அந்தப் பிம்பத்தைக் குறி பாருங்கள். ஒவ்வொரு மோதலிலும் பந்து கொஞ்சம் வேகத்தை இழப்பதால் நேர் அடியைவிடச் சற்றுக் கூட்டி அடிக்க வேண்டும். இரண்டு சுவர் வரை கணக்கு நிற்கும். மூன்று சுவரில் தட்டிக் குழியில் போட்ட காட்சியை யூடியூபில் பார்த்துவிட்டு அதைச் செய்யப் போகிறவர்கள், அந்தக் காட்சிக்கு முன்னால் எத்தனை முயற்சிகள் வெட்டப்பட்டிருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

எப்போது துணியலாம்

“பாதுகாப்பாகவே ஆடினால் ஜெயிப்பது எப்படி, துணிந்து அடிக்கிறவன்தானே முந்துவான்” என்பது அடுத்த மறுப்பு. இதற்கும் பதில் கணக்கில் இருக்கிறது. ஒரு குழியை நிதானமாக ஆடினால் 3 அடி ஆகும் என்று வையுங்கள். குறுக்கு வழியில் துணிந்து அடித்தால் 1, தவறினால் 5. இந்தத் துணிச்சல் நஷ்டமில்லாமல் இருக்க, இரண்டு முறைக்கு ஒரு முறையாவது பந்து விழ வேண்டும். நான்கில் ஒரு முறைதான் விழும் என்றால் சராசரி 4 ஆகிறது. பதினெட்டுக் குழியும் அப்படியே ஆடினால் 72, நிதானமாக ஆடியவருக்கு 54. தவறினால் 4 அடிதான் ஆகும் என்ற குழியில் மூன்றில் ஒரு முறை விழுந்தாலே போதும், தாராளமாகத் துணியலாம். தவறினால் 7 ஆகும் என்றால் மூன்றில் இரண்டு முறை விழ வேண்டும்; புதியவர் எவருக்கும் அந்தக் கைத்திறன் கிடையாது. ஆகவே துணிவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி “விழுமா” என்பதல்ல, “விழாவிட்டால் பந்து எங்கே போய் நிற்கும்” என்பது.

கடைசிக் குழியில் மட்டும் நிலைமை வேறு. நீங்கள் இரண்டு அடி பின்தங்கி இருக்கிறீர்கள், முந்தி இருப்பவர் அந்தக் குழியை 3-இல் முடித்துவிட்டார். இப்போது 3-இல் முடித்தாலும் தோல்வி, 7-இல் முடித்தாலும் அதே தோல்வி. இழக்க ஒன்றுமில்லாத அந்த இடத்தில் குறுக்கு வழியில் அடிப்பதே சரி. முந்தி இருப்பவருக்கு இதற்கு நேரெதிர் அறிவுரை: எதிராளி என்ன சாகசம் செய்தாலும் நீங்கள் மூன்று அடியில் முடிக்கும் வழியை விட்டு விலகாதீர்கள்.

அடியை எண்ணாமல் யார் முதலில் குழியில் போடுகிறார் என்று பார்க்கும் ரேஸ் முறையில் மேலே சொன்னதெல்லாம் பாதிதான் செல்லும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கோல்ஃப் பேட்டிலிலும் இந்த முறை உண்டு. அங்கே கூடுதல் அடிக்குத் தண்டனை இல்லை, நேரம்தான் தண்டனை. பந்து மெதுவாக உருண்டு நிற்கும்வரை காத்திருப்பது நஷ்டம் என்பதால், பின்னால் சுவர் இருக்கும் இடங்களில் ஓங்கி அடித்துச் சுவரிலேயே பந்தை நிறுத்துங்கள். ஆனால் விளிம்பைத் தாண்டி விழுந்த பந்து பழைய இடத்துக்குத் திரும்பும்போது நீங்கள் இழப்பது பல நொடிகள். விளிம்பை மட்டும் ரேஸிலும் மதித்தே ஆக வேண்டும்.

காசும் பாதுகாப்பும்

இலவச ஆட்டங்களைப் பற்றி ஒரு புகார் சொல்வார்கள்: காசு கொடுத்து நல்ல மட்டை வாங்கியவன்தான் ஜெயிக்கிறான் என்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கோல்ஃப் பேட்டில் போன்றவற்றில் மட்டையை மேம்படுத்தலாம். அதற்கான பொருட்கள் ஆடியும் கிடைக்கும், காசுக்கும் கிடைக்கும். கோல்ஃப் வித் யுவர் ஃபிரண்ட்ஸில் வாங்கும் பந்து, தொப்பி, பந்துக்குப் பின்னால் வரும் வண்ணத் தடம் எல்லாம் அலங்காரம் மட்டுமே. ஆட்டத்தை அவை தொடுவதில்லை. குடும்பத்துக்குள் ஆடும்போது எல்லோரும் தொடக்க மட்டையோடு ஆடுவது என்று பேசி வைத்தால் சண்டை வராது. குழந்தைகள் கையில் போன் போகுமென்றால் பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி முதலில் மாற்றிவிடுங்கள். யூபிஐ ஆட்டோபே எதுவும் அந்த ஆப்போடு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பந்தயம் கட்டி ஆடலாம் என்று எந்த ஆப்பாவது அழைத்தால் தொடவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டா என்று பாராமல், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்கிறது. தமிழ்நாடு 2022-லேயே ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. “மினிகோல்ஃப் திறமை ஆட்டம்தானே” என்ற வாதம் மத்தியச் சட்டத்தின் முன் நிற்காது. அந்தச் சட்டம் தண்டிப்பது நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் பணம் கைமாற்ற உதவுபவரையும்தான். ஆடியவருக்குச் சிறை இல்லை. ஆனால் சட்டத்துக்கு வெளியே நடக்கும் ஆப்பில் போட்ட பணத்தை எங்கே போய்க் கேட்பது?

இலவச ரத்தினம், இலவச நாணயம் என்று வரும் லிங்க் எதுவாக இருந்தாலும் பொய். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்டால் ஆட்டத்தை மூடுங்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. குழந்தைகளின் கணக்கில் தெரியாதவர்களின் நட்பு அழைப்பையும் சாட்டையும் அணைத்து வையுங்கள், பெயரில் ஊரும் பள்ளியும் தெரிய வேண்டாம்.

செஞ்சிக் கோட்டையை மைதானமாக்குவது

ஆடிப் பழகிய பிறகு சொந்த மைதானம் கட்டிப் பார்க்கலாம். கோல்ஃப் இட்டிலும், கம்ப்யூட்டரில் ஆடும் கோல்ஃப் வித் யுவர் ஃபிரண்ட்ஸிலும் அதற்கான கருவி உண்டு. கோல்ஃப் இட்டில் நண்பர்களோடு சேர்ந்தே கட்டலாம். செஞ்சியில் இருப்பவர் மாதிரி தேடி எங்கும் போக வேண்டாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதில் ஒரு முக்கோணமாக இணைக்கிறது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். பந்து மோதித் திரும்ப மதில், விழுந்து போக அகழி, மாடி மாடியாக ஏற கல்யாண மஹால், உள்ளே புகுந்து வெளியே வர தானியக் களஞ்சியம், சுற்றிப்போக ஆனைக்குளம். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பாறைப் பிளவுக்கு மேல் ஒரு பாலம் இருக்கிறது. ஓரமில்லாத பாதைக்கு அதைவிட நல்ல மாதிரி யாரும் கற்பனை செய்துவிட முடியாது.

1. ஒரே மூச்சில் பதினெட்டுக் குழி கட்டாதீர்கள். மூன்று கட்டி, நண்பர்களை ஆடவிட்டு, பிறகு கூட்டுங்கள்.
2. படம் எடுக்கக் கோட்டைக்குப் போனால் காலையிலேயே போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தின்பண்டத்தைக் குரங்குகளின் கண்ணில் காட்டாதீர்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்பதால் அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடக் கூடாது. படிக்கட்டில் ஏறும்போது போன் பையில் இருக்கட்டும்.
3. ஒவ்வொரு குழியிலும் இரண்டு வழி வையுங்கள்: அகழியைத் தாண்டும் குறுக்கு வழி ஒன்று, மதிலை ஒட்டிச் சுற்றிப்போகும் நீண்ட வழி ஒன்று.
4. அகழியில் விழுந்த பந்து முந்தைய அடியின் இடத்துக்குத் திரும்பட்டும், குழியின் தொடக்கத்துக்கு அல்ல.
5. கட்டிய குழியை நீங்களே ஆறு அடிக்குள் முடிக்க முடியாவிட்டால் அதை இடித்துவிட்டு வேறு கட்டுங்கள்.

மூன்றாவது விதி மற்றவற்றைவிட முக்கியம். வலையேற்றிய மைதானங்களில் பல, கடினமாக இருந்தால் நல்லது என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை. ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை, இரு பக்கமும் பாதாளம். அதில் யோசித்து ஆட ஒன்றுமில்லை, விழுந்து விழுந்து எழுவதுதான் ஆட்டம். சுற்றுவழி இருந்தால்தான் ஆடுபவர் தன் கையின் திறனை எடைபோட்டு, இந்த அகழியைத் தாண்டலாமா என்று தானே முடிவு செய்ய முடியும். ராஜகிரிப் பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டும் குழியைக் கடைசிக்கு முந்தியதாக, பதினேழாவதாக வையுங்கள். முதலிலேயே வைத்தால் பாதிப் பேர் பாலத்தில் விழுந்து வெறுத்துப் போவார்கள்; பதினெட்டாவதாக வைத்தால் அங்கே விழுந்தவருக்கு மீள ஒரு குழியும் மிச்சமிருக்காது.